தேசிய நீர்ப்பாசனக் கொள்கைக்குத் தொழில்நுட்ப உதவி: இலங்கை அனுபவத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

"தேசியக் கொள்கை வரைபு தொடர்பான கலந்துரையாடலுக்குச் சமுகமளிக்கவும்" என்று ஒரு கடிதம் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் செயலாளருக்கு வந்து சேரும்போது, வரைபு பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். அந்தக் கடிதத்தை அனுப்புகிறவர்களுக்கும் பெறுகிறவர்களுக்குமாக இந்தப் பக்கம். உதாரணங்கள் எல்லாம் இலங்கையிலிருந்து எடுத்தவை. வெளிநாட்டு உதவியோடு நீர்க் கொள்கை வகுப்பதில் நன்றாக நடந்ததையும் சறுக்கி விழுந்ததையும் ஒரே நாட்டில் பார்க்க வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

தொழில்நுட்ப உதவி என்றால் என்ன? அது கடனா?

பெரும்பாலும் மானியம். அதில் அணைக்கட்டு கட்ட முடியாது, வாய்க்கால் திருத்த முடியாது. ஆலோசகர், ஆய்வு, பயிற்சி, கூட்டம், அறிக்கை ஆகியவற்றுக்கான பணம் அது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு தனது தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் ஒரு பணிக்கு 5 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் தருவதில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவை தரும் உதவியின் பின்னால் பல வேளைகளில் ஒரு பெரிய கடன் திட்டம் வரிசையில் நிற்கும். அதில் தவறேதும் இல்லை. ஆனால் எழுதப்போகும் கொள்கை நாட்டுக்கானதா, வரப்போகும் கடனுக்கான முன்நிபந்தனையா என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் ஒரு பத்திரிகைச் செய்தி அதை வெளியே கொண்டுவரும். அதன் பிறகு வரைபின் உள்ளடக்கத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

கொள்கை, சட்டம், நடைமுறை: எது முதலில் வர வேண்டும்?

பாடநூலில் கொள்கை முதலில், சட்டம் பிறகு, நடைமுறை கடைசியில். இலங்கையில் உருப்படியாக நடந்த ஒரு விடயத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. வாய்க்கால் முகாமைத்துவத்தில் விவசாயிகளுக்குப் பங்கு கொடுப்பது 1980களின் தொடக்கத்தில் ஒரு திட்டப்பரப்பில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1984இல் பெரிய குடியேற்றத் திட்டங்கள் பலவற்றுக்கான நிகழ்ச்சித்திட்டமாக விரிந்தது. 1988இல் அமைச்சரவை அதைக் கொள்கையாக ஏற்றது. கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த கமநல சேவைகள் சட்டத் திருத்தம் வந்தது 1991இல். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டது 1994இல். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள். இதை 'தாமதம்' என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. எனக்கு அது பயிர் முற்றுவதற்கு எடுக்கும் காலம் போலத்தான் தெரிகிறது.

ஒரு சிறிய தீவுக்கு நீர்ப்பாசனக் கொள்கை எழுதுவதில் அப்படி என்ன சிக்கல்?

ஒரே தண்ணீரின் மேல் பல கைகள் இருக்கின்றன. நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இல் உருவானது. பெரிய, நடுத்தரக் குளங்கள் அதன் பொறுப்பு. மகாவலி அதிகார சபை 1979இல் தனிச் சட்டத்தோடு வந்தது. தன் பிரதேசத்தில் நிலம், நீர், குடியேற்றம் மூன்றையும் அதுவே பார்க்கிறது. 80 ஹெக்டேருக்குக் குறைவான வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின் பிறகு, ஒரு மாகாணத்துக்குள் தொடங்கி முடியும் பாசனம் மாகாண சபைக்கு. மாகாண எல்லை தாண்டும் ஆறு கொழும்பிலுள்ள மத்திய அரசுக்கு.

இந்தக் கோடுகள் தண்ணீருக்குத் தெரியாது. வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் சிறு குளங்கள் தனித்தனியாக இல்லை. மேல் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அடுத்த குளம், அதன் கழிவு நீர் அதற்கடுத்த குளம் என்று சங்கிலியாக இறங்குகின்றன. சிங்களத்தில் 'எல்லங்காவ' எனப்படும் இந்தத் தொடர் குளங்களை உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றது. சங்கிலியின் தலைப்பில் உள்ள குளம் கமநலத்திடமும் கடைசியில் உள்ள பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் இருந்தால், மேல் குளத்தின் அணையை ஒரு அடி உயர்த்துவது யாருடைய முடிவு? கொள்கை பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். "ஒருங்கிணைந்த நீர்வள முகாமைத்துவம் ஊக்குவிக்கப்படும்" என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவது பதிலாகாது.

கல்லோயாவைப் பற்றி இந்தத் துறையில் எல்லோரும் பேசுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

அம்பாறை மாவட்டத்தில், நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தின் இடது கரை. 1970களின் முடிவில் அங்கே மதகுக் கதவுகளில் பெரும்பாலானவை உடைந்தோ காணாமலோ போயிருந்தன. தலைமடையில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவது அருமை. ஒத்துழைக்கவே மாட்டாத விவசாயிகள் என்று அதிகாரிகள் மத்தியில் அந்தப் பகுதிக்குப் பெயர்.

அமெரிக்க அரசின் அபிவிருத்தி முகவரகம் புனரமைப்புக்குப் பணம் தந்தது. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் மனிதர்கள் தொடர்பான பகுதியைப் பொறுப்பேற்றன. 1981இல் பட்டதாரி இளைஞர்களும் யுவதிகளும் பயிற்சி பெற்று அமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சங்கம் அமைக்கவில்லை, தலைவர் செயலாளர் தேர்தல் நடத்தவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் பாசனம் பெறும் பத்துப் பதினைந்து பேரிடம் வீடு வீடாகப் போய் "உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை, பணமும் அதிகாரியும் இல்லாமல் அதில் எதை நீங்களே செய்யலாம்?" என்று கேட்டார்கள். வாய்க்கால் துப்புரவு செய்தார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள். வேலை முதலில், அமைப்பு பிறகு.

அந்த ஆண்டு நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவு. பரிசோதனை தோற்றுப் போக அதைவிட நல்ல வருடம் கிடைக்காது. ஆனால் சில வாரங்களுக்குள் தலைமடை விவசாயிகள் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழே விட்டார்கள். சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் தமிழ் விவசாயிகளின் வயலுக்குப் போனது. இன வன்முறை நடந்த 1981 இலங்கையில் எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் எடை புரியும். பிறகுதான் வயல் வாய்க்கால் குழுக்கள் சேர்ந்து கிளை வாய்க்கால் அமைப்புகள் ஆயின. அவற்றுக்கு மேலே பிரதேசம், அதற்கும் மேலே திட்ட மட்டக் குழு என்று படிப்படியாக வளர்ந்தது. பொறியியலாளர்கள் புனரமைப்பு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விவசாயிகளோடு வாய்க்கால் ஓரம் நடந்தார்கள்.

எல்லாம் இனிப்பாக முடியவில்லை. அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் கிடையாது. ஆசிரியர் வேலை கிடைத்தவுடன் பலர் போய்விட்டார்கள். உதவித் திட்டம் வகுப்பவர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டலாம். ஆலோசகரின் நாட்கூலிக்குப் பஞ்சமில்லாத வரவு செலவுத் திட்டத்தில், களத்தில் இருந்த இளைஞருக்கு ஒரு நிலையான சம்பளப் பதவி மட்டும் இடம்பெறவில்லை.

கல்லோயா களத் திட்டம்தானே? கொள்கைக்கென்றே உதவி எப்போதாவது வந்ததா?

வந்தது. 1990 முதல் 1992 வரை நீர்ப்பாசன முகாமைத்துவக் கொள்கைக்கு ஆதரவளிக்கும் ஒரு பணி அமெரிக்க உதவியோடு நடந்தது. 1984இல் கண்டிக்கு அருகே திகனையில் தொடங்கப்பட்ட சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம் அதற்குத் துணை நின்றது. இன்று அது சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம். தலைமையகம் இப்போதும் இலங்கையில்தான். அந்தப் பணியில் தொடர்ச்சியாகக் கொள்கைத் தாள்கள் எழுதப்பட்டன. உள்நாட்டு அதிகாரிகளும் ஆய்வாளர்களும் கூடி விவாதித்தார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: பேசுவதற்குக் கல்லோயாவும் 1984க்குப் பிந்திய திட்டங்களும் கண்முன்னே இருந்தன. "விவசாயிகளால் முடியுமா?" என்ற கேள்வியில் யாரும் நேரம் கழிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் 2000ஆம் ஆண்டின் நீர்வளக் கொள்கை ஏன் விழுந்தது?

ஆசிய அபிவிருத்தி வங்கி உள்ளிட்டோரின் உதவியோடு 1990களின் நடுவில் நீர்வளச் சபையும் அதற்கொரு செயலகமும் அமைந்தன. நிபுணர்கள் உழைத்தார்கள்; வரைபு அறிவுபூர்வமானது. ஆற்று வடிநிலக் குழுக்கள், ஒரு தேசிய அதிகார சபை, பெருமளவில் நீர் எடுப்பவர்களுக்கு அளவு குறித்த நீர் உரித்து (இவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற அனுமதி), அந்த உரித்தைக் கைமாற்றும் வழி ஆகியவை அதில் இருந்தன. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

பகிரங்க விவாதம் சூடு பிடித்தது அதன் பிறகு! "குளத்துத் தண்ணீரை விற்கப் போகிறார்கள்" என்ற ஒரே வசனம் போதுமானதாக இருந்தது. விவசாய அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், மதகுருமார், பத்திரிகைகள் எல்லாம் எதிர்த்தன. சிறு விவசாயிக்கு உரித்துப் பத்திரம் எதுவும் தேவையில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. காலம் கடந்த விளக்கத்தை யார் கேட்டார்கள்? திருத்திய வரைபுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன, எதுவும் சட்டமாகவில்லை.

எதிர்த்தவர்கள் வரைபை மிகைப்படுத்தினார்கள் என்று இன்றும் சில நிபுணர்கள் குறைப்படுவார்கள். பாதி உண்மை. மறுபாதி இது: குளத்து நீரில் தனக்குள்ள பங்கை விவசாயி ஒரு பொருளாகப் பார்ப்பதில்லை. அது வயலோடும், வாய்க்கால் வெட்டும் கடமையோடும், கூட்டத்தில் கை உயர்த்தும் உரிமையோடும் ஒட்டியது. அதைப் பிரித்தெடுத்துக் கைமாற்றலாம் என்று சொன்னால், சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு என்ற அடிக்குறிப்பு அவரை ஆறுதல்படுத்தாது.

2003இல் நீர் வழங்கல் சேவைகளைச் சீர்திருத்தும் சட்டமூலம் ஒன்றுக்கும் தடை வந்தது. அது மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொடுவதால் அவற்றின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அரசியலமைப்பைப் படித்த ஒரு சட்டத்தரணியை முதல் மாதமே பணியில் அமர்த்தியிருந்தால் சில ஆண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்.

நீர்க் கட்டணம் பற்றிக் கொள்கையில் எழுதலாமா, விட்டுவிடலாமா?

எழுதத்தான் வேண்டும், ஆனால் 1984ஐப் படித்துவிட்டு எழுதுங்கள். அந்த ஆண்டு பெரிய திட்டங்களில் பராமரிப்புக்காக ஏக்கருக்கு 100 ரூபா அறவிடத் தொடங்கினார்கள். முதலில் ஓரளவு கிடைத்தது. பிறகு வசூல் சரிந்து பெயரளவுக்கு வந்தது. அரசியலும் கலவரமும் காரணம்தான். ஆனாலும், கொடுத்த பணத்தால் தன் வாய்க்காலில் ஒரு கூடை மண்ணாவது அகன்றதைப் பார்க்காதவர் இரண்டாம் முறை கொடுப்பாரா? 1988க்குப் பிறகு வேறு வழி வந்தது: கிளை வாய்க்காலைக் கமக்காரர் அமைப்பே பராமரிக்கட்டும், கட்டணம் வேண்டாம். உழைப்பாகக் கொடுப்பதும் கட்டணம்தான். பொருளாதார நிபுணருக்கு அது தாளில் தெரிவதில்லை.

பணி வரையறையில் (ஆலோசகர்கள் என்ன வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தில்) என்ன எழுத வேண்டும்?

எதை எழுதக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். "ஆறு மாதத்தில் கொள்கை வரைபு" என்று எழுதாதீர்கள். மழைக்காலச் சாகுபடியான பெரும்போகம் ஏறக்குறைய ஒக்டோபர் முதல் மார்ச் வரை, வறண்ட காலச் சிறுபோகம் அதற்குப் பின் செப்ரெம்பர் வரை. ஒரு போகத்தை மட்டும் பார்த்தவர் குளத்தைப் பாதிதான் பார்த்தவர். பெரும்போகத்தில் எல்லோரும் நல்லவர்கள்; சண்டை சிறுபோகத்தில்தான். பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பணியை நான் நம்புவதில்லை.

முதல் விளைபொருளாக வரைபைக் கேட்காமல், முரண்பாடுகளின் பட்டியலைக் கேளுங்கள். எந்தெந்த நிறுவனம் எந்தெந்த முடிவில் மோதுகிறது, யார் தண்ணீரை இழக்கக்கூடும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு இன்னொன்றோடு உரசுகிறது என்று பெயர் சொல்லி எழுதிய ஒரு ஆவணம். அதைப் பார்த்து எல்லாத் திணைக்களங்களும் கோபப்பட்டால் வேலை சரியாகத் தொடங்கியிருக்கிறது.

பணி எங்கே அமர்ந்திருக்கும் என்பதும் முக்கியம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஓர் அறையில் எழுதப்பட்டதைக் கமநலத் திணைக்களம் திறந்தும் பார்க்காது. மகாவலி தனக்கு விலக்குக் கேட்கும். செயலாளர்கள் மட்டத்தில் கூட்டுக் குழு ஒன்று, அதில் மாகாணப் பிரதிநிதிகள், திறைசேரியிலிருந்து ஒருவர். திறைசேரிக்காரர் பேசாமல் அமர்ந்திருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் பணம் கேட்கும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

தரவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பதிவேட்டில் உள்ள பாசனப் பரப்பும் உண்மையில் விதைக்கப்படும் பரப்பும் பல திட்டங்களில் ஒன்றல்ல. அத்துமீறிய வயல்களுக்கும் தண்ணீர் போகிறது. அவற்றை இல்லாததாகக் கருதி எழுதப்படும் நீர்ப் பங்கீடு முதல் வறட்சியிலேயே உடையும்.

அமைச்சரவை ஒப்புதலோடு உதவி முடிவடையக் கூடாது. மிச்சமிருக்கும் வேலை அதற்குப் பிறகுதான்; ஆலோசகர்கள் அப்போது விமான நிலையத்தில் இருப்பார்கள்.

வெளிநாட்டு நிபுணர் தேவையா?

சில இடங்களில். வேறு நாட்டில் இதே தவறைச் செய்தவர் என்றால் மிகவும் தேவை.

மொழி ஒரு பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. ஆங்கிலத்தில் எழுதி, கடைசி வாரத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாற்றுவது வழக்கம். நான் போயிருந்த ஒரு கலந்துரையாடலில் தமிழ்ப் பிரதி மதிய உணவுக்குப் பிறகு வந்தது. காலையிலேயே கருத்துக் கேட்டு முடித்திருந்தார்கள். பிரதியில் 'நீர் உரித்து', 'நீர் உரிமை', 'நீர்ப் பங்கு' மூன்றும் ஒரே பொருளில் மாறி மாறி வந்தன. மூன்றுக்கும் சட்டத்தில் வேறு வேறு பொருள். 'பங்கேற்பு முகாமைத்துவம்' என்றதும் பக்கத்தில் இருந்த முதியவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வாய்க்கால் வெட்டு இனி எங்கள் தலையில் என்கிறார்கள், அவ்வளவுதான்." அவர் சரியாகத்தான் மொழிபெயர்த்தார்.

மூன்று மொழிகளிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். முக்கியமான இருபது சொற்களுக்கு முதல் மாதமே ஒரு சொற்பட்டியல் போட்டு, விவசாயிகளிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒரு சொல்லைத் தமிழில் விளங்கும்படி சொல்ல முடியவில்லை என்றால், ஆங்கிலத்திலும் அந்தக் கருத்து தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

குடிநீருக்கும் பாசனத்துக்கும் மோதல் வந்தால் கொள்கை என்ன சொல்ல வேண்டும்?

"குடிநீருக்கே முன்னுரிமை" என்று எல்லாக் கொள்கைகளும் சொல்கின்றன. வாசிக்க நன்றாக இருக்கும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் அந்த வாக்கியம் என்ன ஆனது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் கெட்டுவருகிறது. எனவே இரணைமடுவிலிருந்து குழாய் வழியே குடிநீர் கொண்டுபோகலாம் என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு திட்டம் போட்டார்கள். குளத்தின் கீழ் விதைப்பவர்கள் எதிர்த்தார்கள். அவர்களைச் சுயநலக்காரர் என்று சொல்வது எளிது. சிறுபோகத்தில் அங்கே எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாது. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை மாவட்டச் செயலாளர் தலைமையிலான சிறுபோகக் கூட்டம் முடிவு செய்து, அதைப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஏற்கெனவே பங்கு போட்டு விதைக்கிறவரிடம் இன்னொரு பங்காளியைக் கூட்டிவந்தால் அவர் முதலில் கேட்பது, "வறட்சி வருடத்தில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது? விட்டுக்கொடுத்தால் இழப்பீடு யார் தருவது?" என்பதுதான். அதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் கடல் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. குளத்து நீரைவிடச் செலவு கூடிய தண்ணீர் அது.

ஆக, முன்னுரிமை வரிசை மட்டும் போதாது. எந்த நீர்மட்டத்தில் யாருக்கு எவ்வளவு குறையும், யார் அறிவிப்பார், இழப்பீடு எந்தப் பணப்பெட்டியிலிருந்து வரும் என்பது கொள்கையிலேயே இருக்க வேண்டும்.

வட்டைவிதானை காலத்து முறையே நன்றாக இருந்ததே, அதற்குத் திரும்பினால் என்ன?

வட்டைவிதானை என்பவர் ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட பொறுப்பாளர். இந்தப் பழைய வயல் விதானைமாரின் அதிகாரம் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு முடிந்து, பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. அவருடைய சொல்லுக்கு மடை திறந்தது, மூடியது, உண்மை. அவரே பெரும்பாலும் பெரிய நிலக்காரர் அல்லது அவருக்கு உறவினர் என்பதும் உண்மை. அந்த முறையிலிருந்து எடுக்க வேண்டியது, வாய்க்காலுக்கு ஒரு பொறுப்பாளி, அவருக்கு அறுவடையில் ஒரு கூலி என்ற ஏற்பாட்டை மட்டும்.

கமக்காரர் அமைப்பின் செயலாளராக, கலந்துரையாடலில் நான் என்ன கேட்க வேண்டும்?

நேரம் குறைவாகத் தருவார்கள், எனவே மூன்றே கேள்விகள். எங்கள் குளம் எந்த நிறுவனத்தின் கீழ் வரும், அது இப்போது இருப்பதிலிருந்து மாறுமா? மழை பொய்த்த சிறுபோகத்தில் எங்கள் பங்கைக் குறைக்கும் முடிவை எந்தக் கூட்டம் எடுக்கும், அதில் எங்களுக்கு எத்தனை வாக்கு? வாய்க்கால் பராமரிப்பை எங்களிடம் ஒப்படைத்தால், ஒப்படைக்கும் நாளில் அது திருத்திய நிலையில் இருக்குமா, உடைந்த நிலையில் இருக்குமா?

பதில்களை எழுத்தில் கேளுங்கள். தமிழில்.